மண்டியில் மட்டும் வந்த குரல்

பேரிகை,
ஆவணி மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மேகலாவுக்கு,

திம்மராயன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதியாயிற்று. நீயும், உன் தம்பி நாராயணப்பனும், அவன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் பாதியில் மடித்துப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் செருகிவிடாதே. முழுசாகப் படி. படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

இந்தக் காலத்தில் எவன் கடிதாசி எழுதுகிறான் என்று கேட்பாய். பேரிகை தபால் ஆபீஸ் அம்மாவும் அதையேதான் கேட்டார். போன் செய்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நீ ஹலோ ஹலோ என்பாய், இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், நீ வைத்துவிடுவாய். மெசேஜ் போட்டேன். மண்டிக்காரனுக்கு ரேட்டு அனுப்பற மாதிரி எனக்கு அனுப்பாத என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மீதி இருப்பது இது ஒன்றுதான்.

போன மாதம் நான் பர்கூர் வந்ததைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். உன் தம்பி வீட்டுக்கு எதிரே தெருவில் நான் நின்றேன், நிலைப்படியில் நீ நின்றாய். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பக்கத்துக் கிரானைட் பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டேன் நான். நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. உன் வாயால ஒரே ஒரு வார்த்தை, வான்னு கூப்பிடு, செருப்பு மாட்டிகினு இப்பவே வந்துடறேன் என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் யாரோ இரண்டு கையாலும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். ஒரு வார்த்த சொல்றதுக்கு இவ்ளோ திமிரா என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எழுதலாம். எழுத மாட்டேன். எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். மண்டியில் தக்காளி ஏலம் கூவுகிற ராகத்தில் இழுத்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்கும். அங்கே நிற்கும்போதே எனக்கு அது தெரியும். அறுபதுக்கு வா, எழுபதுக்கு வா என்று தினமும் காலையில் ஆந்திராக்காரனையும் கேரளாக்காரனையும் கூப்பிடுகிறவன்தானே நான். ஆனால் ஊரார் முன்னால், கட்டின பெண்டாட்டியை, தக்காளிக் கூடையைக் கூவுகிற மாதிரியா கூப்பிடுவது? அது என்னால் முடியவில்லை மேகலா. கூப்பிட்டிருந்தால் நீ மாட்ட வேண்டிய அந்தச் செருப்பை எடுத்தே என்னை அடித்திருப்பாய்.

நாராயணப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். நல்ல பையன். அவன் சொல்லித்தான் நீ ஏன் போனாய் என்பதே எனக்குத் தெரிந்தது. தை மாதத்தில் ஒரு நாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மண்டிக்கு வந்தாயாம். அடுக்கி வைத்த கூடைகளுக்குப் பின்னால் நின்று நான் கூவுவதைக் கேட்டாயாம். நான் ஒரு வியாபாரியை ராகம் போட்டுக் கிண்டல் பண்ணினேனாம், மண்டியே சிரித்ததாம். வீட்டில் மாசக்கணக்கில் ம் என்ற ஒரு சத்தத்துக்கு மேல் கொடுக்காத வாயா இது என்று நீ அங்கேயே டிபன் கேரியரை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாய். அன்றைக்குச் சாப்பாடு ஏன் கூடைமேல் இருந்தது என்று நான் யோசிக்கக்கூட இல்லை, பசியில் தின்றுவிட்டேன்.

மேகலா, நான் உன்மேல் கோபமாக இருந்ததே இல்லை. இரண்டு வருஷமாக எனக்குத் தொண்டை சொன்னபடி கேட்கவில்லை. முதலில் ஒரு சொல் நடுவில் முறிந்தது. சளி என்று நினைத்தேன். அப்புறம் உயிரெழுத்தில் தொடங்குகிற சொல் எல்லாம் அடைத்தது. பேசினால் யாரோ கழுத்தை நெரிக்க நெரிக்கப் பேசுகிற மாதிரி வந்தது. நீ ஒரு நாள், என்னாச்சு, அழறியா என்று கேட்டாய். அன்றிலிருந்துதான் சின்ன வார்த்தையாகப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். பிறகு தலையாட்டல், பிறகு ம். ஆனால் ஏலத்துக்கு மேடை ஏறினால் குரல் பழையபடி மணி மாதிரி வரும். எனக்கே இது என்ன கூத்து என்று புரியவில்லை. எனக்கே புரியாததை உனக்கு எப்படிச் சொல்ல? பேய் பிடித்திருக்கிறது என்றா? நடிக்கிறேன் என்று நீ மட்டும் இல்லை, நானே சில சமயம் என்னைச் சந்தேகப்பட்டேன்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு நம் வீடு. நீ பேசினால்தான் அதில் பேச்சு. நீ போன பிறகு களி கிண்டினால் இன்னும் இரண்டு பேருக்குத்தான் கிண்டுகிறேன், கை அளவு மாற மாட்டேன் என்கிறது. டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒரு பொம்பளைக் குரல் வீட்டில் கேட்டால் போதும் என்று இருக்கிறது. நீ பார்க்கிற அந்த சீரியலில் மாமியார் செத்துப்போனாள். உனக்குத் தெரிந்திருக்கும்.

மண்டி முதலாளி மெஹபூப் பாஷா பாயும் அவர் வீட்டு அம்மா சுக்ராவும்தான் கண்டுபிடித்தார்கள். கூவும்போது நல்லா வருது, கணக்குச் சொல்லும்போது ஏன் ஆட்டைக் கட்டிப்போட்ட மாதிரி கத்தறான், இது வியாதிதான் என்று அந்த அம்மா சொன்னதாம். ஓசூரில் ஒரு டாக்டர் டென்ஷன் என்றார், மாத்திரை கொடுத்தார். அது வயிற்றுக்குத்தான் நல்லது செய்தது. இப்போது பாய் என்னைப் பெங்களூருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். வியாழக்கிழமை போகிறோம். என்னவென்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பர்கூரில் பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று நாராயணப்பன் சொன்னான். பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்காதே, உன் இடுப்பு தாங்காது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
திம்மராயன்.


பேரிகை,
புரட்டாசி, சனிக்கிழமை.

அன்புள்ள மேகலாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் கடிதம் திரும்பியும் வரவில்லை. தபால் ஆபீஸ் அம்மா, வாங்கிட்டாங்கன்னா படிச்சிருப்பாங்க, போய் வேலையப் பாருங்க என்றார். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பெங்களூர் போய் வந்தேன். டாக்டர் பெயர் சுப்ரியா. சின்ன உருவம், வேகமான கன்னடம். என் மூக்கு வழியாகக் குச்சி மாதிரி ஒரு கேமராவை விட்டார்கள். எதிரே டிவியில் என் தொண்டை தெரிந்தது. நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். மூச்சு விட்டால் விலகுகின்றன, பேசினால் சேர்கின்றன. அதுதானாம் குரல். பெயர் சொல்லச் சொன்னார். நான் தி என்று ஆரம்பித்ததும் அந்த இரண்டு பட்டையும் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றன. பர்கூரில் உன் எதிரே நின்றபோது உள்ளே என்ன நடந்தது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் பாட்டுப் பாடச் சொன்னார். எனக்கு ஏது பாட்டு? பாய்தான், மேடம், இவரு ஏலம் நல்லா கூவுவாரு என்று போட்டுக் கொடுத்தார். கூவச் சொன்னார்கள். மூக்கில் குழாயோடு, மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைக் காட்டி ஏலம் விட்டேன் மேகலா! தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஏற்றி, கன்னடத்தில் முடித்தேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் அம்மா நாற்பதுக்குக் கேட்டார், பாய் ஐம்பது என்றார். டிவியில் அந்த இரண்டு பட்டையும் சாதுவாக, அழகாக ஆடின.

எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயை எடுத்துவிட்டு என் தோளில் கை வைத்து, நிம்ம மனசு சரியாகே இதெ என்றார். உங்கள் மனசு சரியாகத்தான் இருக்கிறது, இது நோய். பேசுவதற்கு மூளை போடுகிற உத்தரவில் கோளாறு, கூவுவதும் பாடுவதும் சிரிப்பதும் பல பேருக்குத் தப்பித்துவிடும், ஏன் என்று எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைத்தியம் கழுத்தில் ஊசி. அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். கூடைக்குள் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் ஏலம் விட்டதில்லை, என் கழுத்துக்குள் என்ன போகிறது என்று தெரியாமல் விடுவேனா? எழுதிக் காட்டினேன். டாக்டரம்மா சலித்துக்கொள்ளாமல் படம் போட்டுச் சொன்னார். பாய் தமிழ்ப்படுத்தினார். எனக்குப் புரிந்த வரைக்கும் உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

நரம்பு நுனியில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகள் இருக்கின்றன. பைக்குள் ஒரு ரசாயனம். அது வெளியே விழுந்து தசைமேல் பட்டால்தான் தசை இறுகும். நான் பேனா பிடிப்பதும் நீ கரண்டி பிடிப்பதும் அப்படித்தான். பையைச் சுற்றி ஒரு கொழுப்புத் தோல், நரம்புக்கும் அதே போல ஒரு கொழுப்புத் தோல். பையில் இருப்பது வெளியே கொட்ட வேண்டும் என்றால் அந்த இரண்டு தோலும் கலந்து ஒன்றாக வேண்டும். அதுதான் சிரமமாம். ரசத்தின் மேல் இரண்டு எண்ணெய்ப் பொட்டு பக்கத்தில் பக்கத்தில் மிதப்பதை நீ பார்த்திருப்பாய். ஒரே பொருள்தான், ஆனாலும் ஒட்டாது. நடுவில் மெல்லிசாகத் தண்ணீர் நின்று தள்ளிக்கொண்டே இருக்கும். நீ கரண்டியால் அழுத்தினால் சட்டென்று ஒன்றாகும்.

உடம்புக்குள் கரண்டி வேலையைச் செய்வது புரதங்கள். ஸ்நேர் என்று பெயர் சொன்னார். பையில் ஒரு இழை நீட்டிக்கொண்டிருக்கும், நரம்புத் தோலில் வேறு இழைகள் நிற்கும். இதுவும் அதுவும் சந்தித்ததும் ஒரு முனையிலிருந்து ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டே வரும், மார்கழிக் குளிருக்கு ஜெர்கினில் ஜிப் ஏற்றுகிற மாதிரி. முறுக்க முறுக்கப் பை தோலோடு நெருங்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் வழிவிட்டாக வேண்டும். ஆனால் முழுசாக ஏறாமல் கடைசியில் நின்று காத்திருக்குமாம். மூளையின் உத்தரவு வந்து கால்சியம் உள்ளே புகுந்ததும், அந்த நொடியே இரண்டு தோலும் கலந்து, வாசல் திறந்து, உள்ளே இருப்பது கொட்டிவிடும். கண் இமைக்கிற நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது என்றார். இந்தப் புரதம் இல்லாவிட்டால் மனிதன் மூச்சுகூட விட முடியாதாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மூளை தொண்டைத் தசைக்கு அளவுக்கு மீறி உத்தரவு போடுகிறது. பைகளும் கேள்வி கேட்காமல் கொட்டித் தள்ளுகின்றன, பட்டைகள் பூட்டிக்கொள்கின்றன. மூளையைத் திருத்த வழி இல்லை. அதனால் பைகளைத் தடுப்பார்கள். ஊசியில் இருப்பது ஒரு விஷம். கெட்டுப்போன டப்பா உணவில் வளருகிற ஒரு கிருமியின் விஷம், துளியிலும் துளி. அது நரம்புக்குள் போய் அந்த இழைகளில் ஒன்றின் நுனியைக் கத்தரித்துவிடும். பை வாசல் வரைக்கும் வரும், நிற்கும். ஜிப் சரியாக ஏறாது, தோல் கலக்காது, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். எல்லாப் பையும் அல்ல, இறுக்கம் தளர்கிற அளவுக்கு.

வாசல் வரைக்கும் வந்து, உள்ளே இருப்பதைக் கொட்ட முடியாமல் திரும்பிப் போவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. டாக்டரம்மாவிடம் இதை எழுதிக் காட்டவில்லை.

இது நிரந்தரம் இல்லை. சில மாதத்தில் நரம்பு புது இழை செய்துகொள்ளும், பூட்டு திரும்ப விழும், திரும்ப ஊசி. அதுகூடப் பரவாயில்லை. இன்னொரு விஷயம் சொன்னார்கள், அதற்குத்தான் பாய் முகம் கறுத்துப்போனது. தசை தளர்ந்தால் பேச்சு வரும், ஆனால் குரலுக்குப் பலம் இருக்காது. கத்த முடியாது. ஏலம் கூவ முடியாது.

பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் பாய் என் பக்கம் திரும்பினார். அப்புறம் ஆரம்பித்தார். ஏம்பா திம்மராயா, வர்ற குரலை வெட்டிகினு வராத குரலுக்கா போவ? ஊமையா இருந்தாலும் நீ மண்டிக்கு ராஜா, யோசிச்சுக்கோ என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சுற்று வட்டாரத்தில் மூன்று பாஷையில் கூவுகிற ஆள் வேறு யார்? மாலூர் பக்கத்து விவசாயிகூட என் குரலுக்காகத்தான் இங்கே வண்டியைத் திருப்புகிறான். எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வரி எழுதினாலும் சரி. நீ என்னோடு பேசியது போல இருக்கும்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி கூரையைத் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. பறிக்க ஆள் இல்லை.

இப்படிக்கு,
திம்மராயன்.


பேரிகை,
ஐப்பசி, புதன்கிழமை.

அன்புள்ள மேகலாவுக்கு,

உன் வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏறிவிட்டேன்.

ஊசி ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. ஊசியோடு ஒரு மிஷினைச் சேர்த்திருக்கிறார்கள். சரியான தசைக்குள் போய்விட்டால் அது பொரி பொரிகிற மாதிரி சத்தம் போடும். உள்ளே அத்தனை பையும் வெடித்துக் கொட்டி, தசை துடிக்கிற சத்தம் அது என்று டாக்டரம்மா சொன்னார். நான் உத்தரவு போடாமலே என் உடம்பு அவ்வளவு இரைச்சல் போட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இரண்டு மூன்று நாளில் குரல் அடங்கிவிட்டது. பேச்சும் இல்லை, கூவலும் இல்லை, வெறும் காற்று. விழுங்கினால் தண்ணீர் தப்பு வழியில் போனது. தாடையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு குடிக்கச் சொல்லியிருந்தார்கள், அப்படியும் ரசம் குடித்துப் புரையேறி, மூச்சு நின்று, தரையில் உட்கார்ந்துவிட்டேன். உச்சந்தலையில் தட்ட ஒரு கை இல்லை. நானே தட்டிக்கொண்டேன். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பாயே, அது நிஜமாக இருந்தால் நீ என்னை மூன்று வாரமாக ஒரு வேலையும் செய்யாமல் நினைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகள் பட்டினிதான்.

சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். ஆனால் அந்த மூன்று வாரம் எனக்குப் பயமாக இருந்தது மேகலா. இருந்த குரலையும் கொடுத்துவிட்டோமே என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். வீட்டில் எதையாவது கீழே போட்டால் அந்தச் சத்தம்கூடத் துணையாக இருந்தது.

மண்டியில் இப்போது வெள்ளைச்சாமி கூவுகிறான். மதுரைப் பக்கத்து ஆள், சூளகிரியில் லாரி ஆபீஸில் இருந்தவன். தெலுங்கைக் கொலை செய்கிறான், ஆனால் நல்ல தொண்டை. நான் கீழே கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழத்தைத் தரம் பிரிக்கிறேன். பழுத்தது ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். முதல் நாள் நான் மேடைக்கு ஏறாமல் கீழே உட்கார்ந்ததும் வியாபாரிகள் சத்தம் போட்டார்கள். நாலு நாளில் பழகிவிட்டார்கள். இப்போது என்னைத் தாண்டித்தான் எல்லோரும் நடக்கிறார்கள். பாய் மட்டும் டீ வரும்போது முதல் கிளாஸை எனக்கு நீட்டுகிறார்.

போன திங்கட்கிழமை பெங்களூரில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, ஓசூரில் மாறி பேரிகை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாகலூரில் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறினார். இடம் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். கூர்ச்சோண்டம்மா என்றேன். வந்துவிட்டது! முறியாமல், நெரியாமல், முழுசாக. நான் யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது. அந்த அம்மா உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். அதற்குத்தான் தொண்டை அடைத்தது. அது நோயால் இல்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சை யாரோ ஒரு பூக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேனே என்று இறங்கும்வரைக்கும் மனசு கேட்கவில்லை. உனக்கென்று வைத்திருந்தது அது.

உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று நீ சொல்லக்கூடாது. இந்தக் குரல் தையோ மாசியோ வரைக்கும் இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டு விழும். மறுபடி ஊசி, மறுபடி சில வாரம் காற்று. வருஷம் முழுக்க இப்படித்தான், உயிர் இருக்கிறவரைக்கும் இப்படித்தான். நடுவில் நான் பேசாமல் இருக்கிற நாட்கள் வரும். அப்போது நீ என்னைச் சந்தேகப்பட்டால் எனக்குத் தாங்காது. கேட்டதற்கு நான் பதில் சொல்லாவிட்டால், பதில் தொண்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். இதற்குச் சம்மதம் இல்லை என்றால் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று இந்த எட்டொன்பது மாதத்தில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. எனக்கு டிவியாவது இருந்தது. உனக்கு நான் அல்லவா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பர்கூர் வருகிறேன். சூளகிரியில் பஸ் மாறி, கிருஷ்ணகிரி வழியாக வர மத்தியானம் ஆகிவிடும். நாராயணப்பனிடம் சொல்லிவை, அவன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீ கேட்டது வாயால். வாயாலேயே சொல்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். தெருவில் நின்று நான் கூப்பிட்டால் வீட்டுக்குள் கேட்காது. பட்டறையில் மிஷின் ஓடினால் நிலைப்படியில் நிற்பவளுக்கும் கேட்காது. இப்போது என்னிடம் இருக்கிற குரல் இரண்டு முழத்துக்கு மேல் போவதில்லை. அங்கேயே நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் ஊமையாகத்தான் வந்து நிற்கிறான் என்று கதவைச் சாத்திவிடாதே.

படி இறங்கி என் பக்கத்தில் வந்து நில்லு, மேகலா.

உன்,
திம்மராயன்.